ஊஞ்சலும் ஆடுநாற்காலியும்: தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இருக்கையின் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பழைய ஆடுநாற்காலிகளும் சாய்வு நாற்காலிகளும் இன்று பழம்பொருள் சந்தையில் விலைமதிப்புப் பெற்றுள்ளன. அவற்றின் மரம், வேலைப்பாடு, வயது ஆகியவை பேசப்படும் அளவிற்கு அவற்றில் யார் அமர்ந்தனர், யார் எதிரில் நின்றனர் என்பது பேசப்படுவதில்லை. திருநெல்வேலியையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கையும் களமாகக் கொண்டு, ஊஞ்சல், சாய்வு நாற்காலி, ஆடுநாற்காலி ஆகிய மூன்று இருக்கைகளையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகின்றது. ஆடும் இருக்கை இப்பகுதிக்குப் புதிதன்று. தனியொருவருக்கான ஆடும் இருக்கையே புதிது என்பது இதன் கருதுகோள். இருக்கையை அதன் வீட்டினின்றும் வரலாற்றினின்றும் பிரித்து விற்பதால் இழக்கப்படும் சான்று எத்தகையது என்பதையும் இக்கட்டுரை சுட்டுகின்றது.

திறவுச் சொற்கள்: ஊஞ்சல், ஆடுநாற்காலி, சாய்வு நாற்காலி, தாமிரபரணி, பொருள்சார் பண்பாடு, பழம்பொருள் வணிகம், இருக்கை மரியாதை.

முன்னுரை

தமிழகப் பொருள்சார் பண்பாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் மட்கலம், காசு, அணிகலன், ஆயுதம், படிமம் ஆகியவற்றையே பேசி வந்துள்ளன. வீட்டு மரச்சாமான்கள் ஆய்வாளர் கவனத்தை மிகக் குறைவாகவே பெற்றுள்ளன. இதற்குக் காரணங்கள் உண்டு. மரம் அழியும் தன்மையது. மேலும், மரச்சாமான் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால் வரலாற்றுப் பொருளாக நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. தோன்றத் தொடங்கும் காலத்தில் அது பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறியிருக்கும்.

தாமிரபரணிக் கரையூர்களில் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது முதலில் விலைபேசப்படுபவை கதவு, நிலை, தூண், ஊஞ்சற் பலகை, நாற்காலி ஆகியவையே. வாங்குபவர் கேட்கும் வினாக்கள் இரண்டு: மரம் என்ன? வயது எத்தனை? வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய மூன்றாவது வினா ஒன்று உண்டு. இது வீட்டின் எந்தப் பகுதியில், யாருக்காகப் போடப்பட்டிருந்தது? இம்மூன்றாவது வினாவை முன்வைத்தே இக்கட்டுரை அமைகின்றது.

இருக்கையும் அதிகாரமும்: முன்மரபு

தமிழில் இருக்கையைக் குறிக்கும் சொற்கள் பல. கட்டில், தவிசு, பீடம், அணை, மணை, பலகை, முக்காலி, நாற்காலி என்னும் இவ்வரிசையில் முன்னிற்பவை அதிகாரத்தோடு தொடர்புடையவை. புறநானூற்றில் அரசுகட்டில் ஆட்சியுரிமையைக் குறிக்கின்றது. முரசுகட்டிலில் அறியாது ஏறித் துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசிய நிகழ்ச்சி (புறநானூறு 50) நாம் அறிந்ததே. அந்நிகழ்ச்சி பாடலாக நிலைத்ததற்குக் காரணம், உரிமையற்ற இருக்கையில் ஏறுவது தண்டனைக்குரியது என்பது அன்று பொதுவிதியாக இருந்தமையே ஆகும். விதிவிலக்கே பாடல்பெற்றது.

பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் இம்மரபின் மற்றொரு நிலையைக் காட்டுகின்றன. அரசன் ஆணை பிறப்பித்தபோது எந்த மண்டபத்தில், எந்தப் பள்ளிப்பீடத்தில் வீற்றிருந்தான் என்பதும் அவற்றில் பதிவாகின்றது. மழவராயன், காலிங்கராயன் என அவ்விருக்கைகளுக்குப் பெயர்களும் இருந்தன. அமர்ந்த இடம் ஆணையின் தகுதிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆளைப்போல இருக்கையும் பெயர்பெற்றிருந்த பண்பாடு இது.

குடிமக்கள் வாழ்விலோ இருக்கை என்பது தரையும் திண்ணையும் பாயுமே. தாமிரபரணியின் ஈரக் கரைகளில் விளையும் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யப்படும் பாய் இவ்வாழ்வின் சிறந்த வெளிப்பாடு. கோரையை மிக மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்யும் அந்நுட்பம், தரையில் அமரும் பண்பாடு தனக்கென உருவாக்கிக்கொண்ட செம்மையாகும். பாயிலும் மரியாதை வேறுபாடு உண்டு. பாய் விரிக்கப்படுவோர், வெறுந்தரையில் அமர்வோர், வாசலுக்கு வெளியே நிற்போர் என்ற படிநிலை நாற்காலி வருவதற்கு முன்பே நிலைபெற்றிருந்தது. எனவே நாற்காலிதான் ஏற்றத்தாழ்வைக் கொண்டுவந்தது எனக் கூறுவதற்கில்லை. இருந்த ஏற்றத்தாழ்விற்கு அது புதிய உயரத்தைத் தந்தது எனலாம்.

ஊஞ்சல்: வீட்டோடு பிணைந்த இருக்கை

அசையும் இருக்கை தமிழரின் நெடிய மரபுடையது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் ஊசல்வரி இடம்பெறுகின்றது. மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் திருப்பொன்னூசல் ஒரு பகுதி. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் ஊசலும் ஒன்று. தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர், 17ஆம் நூற்றாண்டில் மதுரை மீனாட்சியம்மை மீது பாடிய பிள்ளைத்தமிழும் இம்மரபினது. திருநெல்வேலி நெல்லையப்பர் காந்திமதியம்மன் கோயிலில் 96 தூண்களைக் கொண்ட ஊஞ்சல் மண்டபம் உள்ளது. சைவ சித்தாந்தம் கூறும் 96 தத்துவங்களை அத்தூண்கள் குறிப்பதாகக் கூறுவர். திருக்கல்யாணத்தை ஒட்டி இறைவனும் இறைவியும் ஊஞ்சலில் எழுந்தருளும் விழா அக்கோயிலின் ஆண்டு வழிபாட்டில் ஒன்று.

கோயில் ஊஞ்சலுக்கும் வீட்டு ஊஞ்சலுக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடில்லை. நெல்லைப் பகுதியின் வசதிபடைத்த பழைய வீடுகள் திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என நீளவாக்கில் அமைந்தவை. ஊஞ்சல் பெரும்பாலும் உள்கூடத்தில், வலிய உத்தரத்திலிருந்து நான்கு இரும்பு அல்லது பித்தளைச் சங்கிலிகளால் தொங்கவிடப்படும். அகன்ற ஒற்றைப் பலகையே அதன் பெருமை.

இவ்வமைப்பிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஊஞ்சலுக்கு வீடு வேண்டும். உத்தரம் தாங்காத வீட்டில் ஊஞ்சல் இல்லை; ஆகவே ஓலைக்கூரை வீட்டிற்கு அது எட்டாதது. இரண்டாவது, ஊஞ்சற் பலகை ஒருவருக்கு உரியதன்று. இருவர் அமரலாம், குழந்தைகள் மூவர் நால்வர் ஏறலாம், பகலில் ஒருவர் படுத்துறங்கலாம். திருமணத்தில் மணமக்கள் இணைந்து அமரும் சடங்கிற்கும் அதுவே இடம். மூன்றாவது, ஊஞ்சலை வெளியிலிருந்தும் ஆட்டலாம். அமர்ந்தவர் காலால் உந்தலாம், பிறரும் உந்தலாம். ஆட்டுபவர், ஆடுபவர் என்னும் உறவை ஊஞ்சல் எப்போதும் தன்னுள் கொண்டுள்ளது. ஊசல் பாடல்கள் பலவும் தோழியரை அழைத்து ஆட்டச் சொல்லும் பாங்கில் அமைந்திருப்பது தற்செயல் அன்று.

ஊஞ்சலைச் சமத்துவத்தின் சின்னமாகக் காட்டுவது இங்கு நோக்கமன்று. மூத்தோர் அமர்ந்திருக்கையில் மருமகள் அதில் ஏறுவதில்லை என்பது போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. ஆயினும் ஒரே பலகை நாளின் வெவ்வேறு பொழுதுகளில் வெவ்வேறு மாந்தருக்கு உரியதாயிற்று. நேரத்தால் பகிரப்பட்ட இருக்கை அது.

ஆடுநாற்காலி: பிறப்பும் பரவலும்

வளைந்த அடிச்சட்டத்தின் மீது ஆடும் அமைப்பை ஐரோப்பியர் தொட்டிலில் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனை நாற்காலியில் பொருத்தும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அதன் வட அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பரவியது. பெஞ்சமின் பிராங்க்ளின் இதனைக் கண்டுபிடித்தார் என்பது வழிவழியாகக் கூறப்படும் கதை. அதற்குச் சான்று இல்லை. முதலில் இருந்த நாற்காலிகளின் கால்களிலேயே வளைசட்டங்கள் பொருத்தப்பட்டன. பின்னர் ஆடுவதற்கென்றே நாற்காலிகள் செய்யப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘பாஸ்டன் ராக்கர்’ எனப்பட்ட வகை அமெரிக்காவில் பெருவழக்குற்றது. ஷேக்கர் எனப்பட்ட சமயக் குழுவினர் தம் முதியோர்க்காகச் செய்த எளிய ஆடுநாற்காலிகளும் புகழ்பெற்றவை.

இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம் மைக்கேல் தோனெத் (1796–1871) என்பவரால் நிகழ்ந்தது. மரத்தை நீராவியில் மென்மையாக்கி வளைக்கும் முறையை அவர் தொழிற்சாலை உற்பத்திக்கு உரியதாக்கினார். 1859இல் வெளிவந்த அவரது 14ஆம் எண் நாற்காலியை ஆறு துண்டுகளாகப் பிரிக்கலாம். ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகளை அடுக்கிக் கப்பலேற்றலாம். ஏறத்தாழ 1860இல் அதே முறையில் அவர் நிறுவனம் ஆடுநாற்காலியையும் செய்தது. வளைமர நாற்காலி துறைமுகம் உள்ள இடமெல்லாம் சென்றது. மும்பையின் இரானித் தேநீர்க் கடைகளில் இன்றும் காணப்படும் வளைமர நாற்காலிகள் அவ்வகையின் எச்சங்களே.

ஆடுநாற்காலியின் இயக்கம் இயற்பியல் நோக்கில் ஊஞ்சலை ஒத்தது. அடிச்சட்டம் ஒரு பெரிய வட்டத்தின் பகுதி. அவ்வட்டத்தின் மையம் அமர்ந்தவரின் நிறைமையத்திற்கு மேலே இருக்கும்வரை, நாற்காலி சாய்ந்தாலும் தானே மீளும். ஊஞ்சலின் தொங்குபுள்ளி உத்தரத்தில் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆடுநாற்காலியின் மையமோ வெற்றுவெளியில் கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளது. ஊஞ்சலைத் தாங்குவது வீடு. ஆடுநாற்காலி தன் உத்தரத்தைத் தானே சுமந்து செல்கின்றது. எனவேதான் அதனைக் கப்பலில் ஏற்றவும் மாடியிலும் தாழ்வாரத்திலும் மாற்றிப்போடவும் முடிந்தது. எனவேதான் அது ஒருவருக்கு மட்டுமே உரியதாகவும் ஆயிற்று.

அதன் ஈர்ப்பிற்கும் இதுவே காரணம். பிறர் துணை வேண்டாமல், பாதத்தின் சிறு அழுத்தத்தால் உடல் தனக்குத்தானே தாலாட்டிக்கொள்ளும் இருக்கை அது. முதுவலிக்காக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி மருத்துவர் அறிவுரைப்படி ஆடுநாற்காலியைப் பயன்படுத்தியமை அதனை 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் புகழ்பெறச் செய்தது. ஆபிரகாம் லிங்கன் 1865இல் சுடப்பட்டபோது அமர்ந்திருந்ததும் ஆடுநாற்காலியே. அந்நாற்காலி இன்று அருங்காட்சியகப் பொருள்.

நாற்காலி நெல்லைக்கு வந்த வழி

சொற்களே முதற்சான்று. மேசை, அலமாரி ஆகியவை போர்த்துகீசிய மொழிவழி வந்தவை. ஈழத்தமிழில் நாற்காலியைக் குறிக்கும் ‘கதிரை’யும் அம்மொழியினதே. தமிழகத்திலோ ‘நாற்காலி’ என்னும் தமிழ்ச்சொல்லே நிலைத்தது. கால்களின் எண்ணிக்கையால் பெயர்பெற்ற இச்சொல் ஆடுநாற்காலிக்கு முழுதும் பொருந்துவதில்லை. அதன் நான்கு கால்களும் நிலத்தைத் தொடுவதில்லை. ஆடும் நாற்காலி, ஆடுநாற்காலி, ராக்கிங் சேர் எனப் பல பெயர்களால் அது வழங்கப்படுகின்றது. ஊஞ்சலோ ஊசலாடு என வினையாகவும், மனம் ஊசலாடியது என உருவகமாகவும் மொழியின் உள்ளே வேரூன்றியுள்ளது. பெயர் நிலைபெறாமை, பொருள் பொதுமக்கள் வாழ்வில் முழுமையாக நுழையாமைக்கு ஓர் அடையாளம் எனக் கருதலாம்.

திருநெல்வேலி மாவட்டம் 1790இல் கிழக்கிந்தியக் கம்பெனியால் உருவாக்கப்பட்டது. 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். கால்டுவெல் 1841 முதல் இடையன்குடியைத் தம் பணிக்களமாகக் கொண்டார். பங்களா, தேவாலயம், பள்ளி, அலுவலகம் ஆகிய புதிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் ஒவ்வொன்றும் தனக்குரிய இருக்கையைக் கோரியது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய பிள்ளை, மிஷன் பள்ளியில் விசிப்பலகையில் அமர்ந்தது. 1843இல் சுலோசன முதலியார் பாலம் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்தது. 1876இல் ரயில் வந்தது. 1880களில் பாபநாசத்தில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை எழுந்தது. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்திற்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூருடன் போக்குவரத்து எளிதாயிற்று.

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் தனது மலைக்காட்டின் ஒரு பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்திற்கு அளித்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் அதில் உருவாயின. அந்நிறுவனம் பர்மாத் தேக்கு வணிகத்தோடு 1863இல் தொடங்கப்பெற்றது என்பது இங்கு நோக்கத்தக்கது. தமிழகத்தின் பெருவீடுகளுக்குத் தூணும் கதவும் நாற்காலியும் தந்த பர்மாத் தேக்கும், பொருநை மலையில் தேயிலை விளைந்த தோட்டமும் ஒரே வணிக வலையின் இரு முனைகள்.

அலுவலர், பாதிரிமார், ஆலை மேலாளர், தோட்டத் துரைமார் ஆகியோர் தாழ்வாரத்தின் சிறப்பிருக்கை சாய்வு நாற்காலி. பிரம்புப் பின்னலுடன் பின்புறம் நன்கு சாய்ந்த அவ்வகையில், கைப்பிடிகள் முன்னோக்கி நீண்டிருக்கும். அவற்றின் மீது இரு கால்களையும் நீட்டி வைத்துக்கொள்ளலாம். பிரம்புப் பின்னலில் காற்றுப் புகும். வெப்ப நாட்டிற்கு ஏற்றது. ஐரோப்பியருக்குப் பிரம்புப் பின்னலைக் கற்பித்ததே 17ஆம் நூற்றாண்டின் ஆசிய வணிகம்தான். அங்குச் சென்ற பிரம்பு, துரையின் நாற்காலியாக மீண்டும் இங்கு வந்தது.

இந்த நாற்காலியை நலம் கருதிய அமைப்பாக மட்டும் காண்பது போதாது. மூத்தோர் முன்னும் விருந்தினர் முன்னும் காலை நீட்டுவது தமிழர் வழக்கில் அவமதிப்பு. சாய்வு நாற்காலியில் கிடப்பவரின் பாதங்களோ எதிரில் நிற்பவரின் மார்பளவை நோக்கி நீண்டிருக்கும். கணக்கு ஒப்புவிக்கும் கங்காணியும் மனுக் கொண்டுவந்த குடியானவரும் அப்பாதங்களை நோக்கியே பேச வேண்டும். பழக்கவழக்கத்தில் தவறெனக் கருதப்பட்ட ஓர் உடல்நிலையை, மரத்தில் செய்து தாழ்வாரத்தில் நிலையாகப் போட்டுவைத்தது அந்நாற்காலி.

அலுவலக நாற்காலியும் இவ்வாறே ஆட்சியின் உருவாக உணரப்பட்டது. வ.உ.சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோர் கைதானதை அடுத்து 1908 மார்ச் 13இல் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் நகராட்சி அலுவலகம் உள்ளிட்ட அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. ஆவணங்களோடு மரச்சாமான்களும் தீக்கிரையாயின. அக்கிளர்ச்சியை ஆராய்வோர் ஆவணங்கள் எரிந்ததைப் பேசுவர். மேசை நாற்காலிகளும் எரிந்தன என்பதும் பொருளுடையதே. மக்கள் எதன்முன் நின்றார்களோ அதுவும் அன்று எரிந்தது.

மரமும் கைவினையும்

பள்ளத்தாக்கின் மேற்கெல்லை மலைக்காடு. தேக்கு, தோதகத்தி, வேங்கை, மருது, மஞ்சக்கடம்பு ஆகிய மரங்களை இவ்வட்டாரத் தச்சர் அறிவர். அம்பாசமுத்திரம் கடைசல் வேலைக்குப் பெயர்பெற்றது. வண்ண அரக்குப் பூசிய சொப்புச் சாமான்கள் அதன் அடையாளம். நாற்காலிக் கால்களிலும் முதுகுக் கம்பிகளிலும் காணப்படும் உருட்டு வேலைக்குரிய அடிப்படைத் திறனும் அதே கடைசல் திறனே. ஐரோப்பிய வடிவம் ஒன்றை உள்ளூர்த் தச்சர் செய்தபோது, துளையில் கழுந்தைச் செருகி ஆணியின்றிப் பூட்டும் தம் முறையையே கையாண்டனர். வடிவம் வெளியிலிருந்து வந்தது, பூட்டு இங்குள்ளது.

ஒரு பழைய நாற்காலியைச் சான்றாகப் படிக்க இயலும். திருகாணியின் முனை கூராக இருப்பின் அது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்ட இயந்திர ஆணி. வளைமர நாற்காலியாயின் இருக்கை வளையத்தின் உட்புறத்தில் நிறுவன முத்திரையோ ஒட்டுத்தாளோ இருக்கலாம். ஆடுநாற்காலியின் அடிச்சட்டத் தேய்மானம் நடுவில் மிகுந்திருந்தால் அது மெல்ல ஆட்டப்பட்டது. முனைகள் வரை சீராக இருந்தால் குழந்தைகள் அதில் ஏறி ஆடியிருக்கலாம். வலக்கைப்பிடி மட்டும் மழுங்கியிருத்தல், பின்னல் துளைகள் இருமுறை இடப்பட்டிருத்தல், பிரம்பை நீக்கிக் கித்தான் பொருத்தியிருத்தல் ஆகிய ஒவ்வொன்றும் பயன்பாட்டின் பதிவு. விற்பனைக்காக இழைத்து மெருகேற்றும்போது முதலில் அழிபவை இவையே.

மூலப்பொருளின் வரலாறும் மாறியுள்ளது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டு மரத்தின் மீது அரசின் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. தோதகத்தி மரங்களைக் காக்கத் தமிழகத்தில் 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017 முதல் அம்மரத்தின் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. இவை தேவையான பாதுகாப்புகளே. ஆயின் புதிய மரம் அரிதாகும்போது பழைய மரத்தின் விலை உயர்வது இயல்பு. இன்று பழைய நாற்காலிக்குக் கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்கு மரத்தின் அருமைக்கே உரியது. முழுவதும் வரலாற்று உணர்வின் விளைவன்று.

புனைகதைச் சான்றுகள்

நாற்காலி எளிய வீடுகளுக்குள் நுழைந்த கதையை ஆவணங்களைவிடப் புனைகதை தெளிவாகக் காட்டுகின்றது. கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ சிறுகதை, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த கரிசற் காட்டுக் கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்டது. வீட்டிற்கு வந்த அதிகாரி முக்காலியிலிருந்து விழுந்த பின்னரே நாற்காலி செய்யும் எண்ணம் அக்குடும்பத்தில் எழுகின்றது. செய்யப்பட்ட நாற்காலியோ விரைவில் ஊரில் இறந்தவர்களை உட்காரவைக்க இரவல் கேட்கப்படும் பொருளாகின்றது. பின்னர் அவ்வீட்டார் அதில் அமரவே அஞ்சுகின்றனர். நகைச்சுவை மிக்க இக்கதையில் ஒரு சமூக உண்மை உள்ளது. வாழ்நாள் முழுதும் தரையிலமர்ந்தவருக்கு நாற்காலி மரியாதை இறப்பின் பின்னரே வாய்த்தது.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ (1997) மறுமுனையைக் காட்டுகின்றது. குமரிக் கடற்கரை வாழ்வை எழுதிய மீரான் திருநெல்வேலியில் வாழ்ந்தவர். இந்நாவலுக்காகச் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். மூதாதையர் பெருமையை எண்ணியபடி சாய்வு நாற்காலியில் கிடக்கும் முஸ்தபா கண்ணு, வீட்டின் பழம்பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்கின்றார். அவரது நாற்காலி குடும்பப் பெருமையின் எச்சம்; அதே வேளையில் அவ்வீட்டுப் பெண்கள் பட்ட துன்பத்திற்கு நேர்ச்சான்றும் ஆகும். அந்நாற்காலி நாளை பழம்பொருள் கடைக்கு வந்தால், அதன் பெருமை விலையில் சேரும்; துன்பம் சேராது. பழம்பொருள் வணிகத்தின் அடிப்படைச் சிக்கலை இந்நாவலைவிடத் தெளிவாக உணர்த்தும் படைப்பு அரிது.

ஆடும் செயலின் பங்கீடு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், ஆடுநாற்காலி ஏன் இப்பள்ளத்தாக்கில் பெருவழக்குப் பெறவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கின்றது. மேலைநாடுகளில் ஆடுநாற்காலி மூன்று பணிகளைச் செய்தது: தாய் குழந்தையைத் தாலாட்டப் பயன்பட்டது, முதியவர் ஓய்வுகொள்ள உதவியது, குடும்பம் கூடிப் பேசும் முன்றிலில் இடம்பெற்றது. தாமிரபரணிக் கரையில் இம்மூன்றிற்கும் முன்னரே வேறு பொருள்கள் இருந்தன. தாலாட்டிற்குச் சேலையால் கட்டிய தூளியும் தொட்டிலும் இருந்தன. குடும்பம் கூட ஊஞ்சலும் திண்ணையும் இருந்தன. எஞ்சியது தனியொருவரின் ஓய்வு மட்டுமே; அதனையும் சாய்வு நாற்காலி பெரிதும் ஏற்றுக்கொண்டது. ஆகவே ஆடுநாற்காலி வசதி மிக்க சில வீடுகளில் ஒரு சிறப்புப் பொருளாக நின்றது.

இம்மாற்றத்தின் பாலினக் கூறும் கருதத்தக்கது. தூளியை ஆட்டிய கை பெண்ணுடையது. ஊஞ்சற் பாட்டைப் பாடிய குரலும் பெண்ணுடையது. சாய்வு நாற்காலியோ பெரும்பாலும் வீட்டுத் தலைவரான ஆணுக்கு உரியது; அவர் வெளியே சென்ற பொழுதிலும் பிறர் அமராமல் வெறுமையாகவே கிடந்தது. ஊஞ்சல் நேரத்தால் பகிரப்பட்டது என முன்னர்க் கண்டோம். நாற்காலி அவ்வாறு பகிரப்படவில்லை. வீட்டினுள் தனியுடைமை என்னும் கருத்து இருக்கையின் வடிவில் நுழைந்தமைக்கு இது சான்று.

இன்றைய நிலை

நாற்காலி மலிந்துவிட்ட காலம் இது. நெகிழி நாற்காலி தேநீர்க் கடை முதல் துக்க வீடு வரை எங்கும் அடுக்கப்பட்டுள்ளது. எனினும் நாற்காலியின் பழைய பொருள் மறைந்துவிடவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தின்போது தரையில் அமரவைக்கப்பட்ட செய்தி 2020இல் நாடறிய வெளிவந்தது. அங்கு நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. பொருள் கிடைத்த பின்னும் உரிமை கிடைக்கவில்லை என்பதே செய்தி. இந்நிலையில் பழைய நாற்காலியை வெறும் அழகுப் பொருளாக மட்டும் போற்றுவது, முடிந்துபோகாத ஒரு வரலாற்றை முடிந்ததாகக் காட்டுவதாகும்.

சட்டத்தின் நோக்கிலும் ஓர் இடைவெளி உண்டு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் வரலாற்றுச் சிறப்புடைய, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருளாகக் கொள்கின்றது. ஆயினும் நடைமுறையில் பதிவும் கண்காணிப்பும் சிற்பம், ஓவியம், சுவடி ஆகியவற்றையே முதன்மையாக நோக்குகின்றன. வீட்டு நாற்காலி ஓசையின்றிக் கைமாறுகின்றது.

இப்பள்ளத்தாக்கு இதற்கு முன்பும் இத்தகைய இழப்பைக் கண்டது. 1876இல் ஜாகோர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. மண்ணுக்கடியில் இருந்தவற்றிற்காக இன்று நாம் பொருநை அருங்காட்சியகம் காண்கின்றோம். மண்ணுக்கு மேல், நம் கண்முன் இருக்கும் நூறாண்டுப் பொருள்கள் இடமும் பெயரும் இழந்து வெளியேறுவதைத் தடுக்க அகழாய்வு தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒளிப்படக் கருவியும் போதும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஆடும் இருக்கை தாமிரபரணிப் பள்ளத்தாக்கிற்கு ஐரோப்பியர் தந்த கொடையன்று. ஊஞ்சல் இலக்கியத்திலும் கோயிலிலும் வீட்டிலும் முன்னரே நிலைபெற்றிருந்தது.

2. ஊஞ்சல் வீட்டோடு பிணைந்தது, பகிரப்படுவது. ஆடுநாற்காலியும் சாய்வு நாற்காலியும் வீட்டினின்று பிரிக்கத்தக்கவை; தனியொருவருக்கு உரியவை. இவ்வேறுபாடு அவற்றின் அமைப்பிலேயே உள்ளது.

3. நாற்காலியின் பரவல் அலுவலகம், மிஷன், ஆலை, தோட்டம் ஆகிய புதிய அதிகார மையங்களைத் தொடர்ந்து நிகழ்ந்தது. முன்பிருந்த சாதி, பாலினப் படிநிலைகளை அது நீக்கவில்லை. அவற்றிற்குப் புதிய உருவம் தந்தது.

4. பழம்பொருள் வணிகம் மரத்தையும் வயதையும் மதிப்பிடுகின்றது. பயன்பாட்டுத் தடங்களையும் வாய்மொழி நினைவையும் அது அழித்துவிடுகின்றது.

பழைய வீடு இடிபடும் முன், நாற்காலி கிடந்த இடம், அதில் அமர்ந்தவர், அமர அனுமதிக்கப்படாதவர், செய்த தச்சரின் ஊர், மாற்றப்பட்ட பின்னல் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்றுத் துறைகளின் முதுகலை மாணவர்கள் தத்தம் ஊர்களில் மேற்கொள்ளலாம். அமர்ந்தவரின் பெயர் பெரும்பாலும் குடும்பத்தாருக்கு நினைவிருக்கும். நின்றவரின் பெயரைக் கேட்டறிவதே கடினமான பணி. அதுவே உடனடியாகச் செய்ய வேண்டிய பணியும் ஆகும்.